நோக்குநர் ‘வலது’ என்கிறார், பீரங்கி இடப்பக்கம் திரும்புகிறது: ஷீட்டில் ஒரு குட்டி ‘சக்தி’

இந்தியத் தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் ‘சக்தி’ என்றொரு கணினி வலைப்பின்னல் இருக்கிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. இலக்கைப் பார்த்துச் சொல்கிறவர் (நோக்குநர்) கையில் ஒரு கைக்கணினி, நடுவே கணக்குப் போடும் கணினி, பீரங்கி பக்கத்தில் ஒரு சின்னத் திரை. நடுவில் இருப்பது என்னதான் செய்கிறது என்று கூகுள் ஷீட்டிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: ஒரே கோப்பில் மூன்று தாள் திறங்கள்: நோக்குநர், கணக்கு, பீரங்கி. இரண்டு நண்பர்களோடு பகிருங்கள். ஆளுக்கொரு தாள், அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது.

படி 2: பீரங்கி நிற்கும் இடம் 0, 0. நோக்குநர் தன் தாளில் இலக்கை எழுதட்டும்: கிழக்கே 6000 மீட்டர், வடக்கே 8000. கணக்குத் தாள் பிதாகரஸ் வழியில் தூரம் சொல்லும்: 10,000 மீட்டர்.

படி 3: திசை, அதாவது வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளக்கும் கோணம். இங்கேதான் நான் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். கோணம் சொல்லும் ஏடேன்2 (ATAN2) சார்புக்குள் முதலில் வடக்கு, பிறகு கிழக்கு. பள்ளிப் பழக்கத்தில் மாற்றிப் போட்டால் 655 வரவேண்டிய இடத்தில் 945 வந்து நிற்கும். விடை ரேடியனில் இருக்கும், 1018.6 ஆல் பெருக்கினால் மில், அதாவது பீரங்கிக்காரர்களின் கோண அளவு. ஒரு முழு வட்டத்துக்கு 6400 மில். ஏன் டிகிரி இல்லை? 1000 மீட்டர் தள்ளி ஒரு மில் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர். மனக்கணக்குக்கு அவ்வளவு வசதி. கணக்குத் தாளின் திசையும் தூரமும் மட்டும் பீரங்கித் தாளுக்குப் போகட்டும்.

படி 4: இப்போதுதான் சுவாரசியம். நோக்குநர் இலக்குக்கு நேர் கிழக்கே நின்று மேற்கு நோக்கிப் பார்க்கிறார். குண்டு தள்ளி விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். “வலது 200” என்கிறார். அவருடைய வலது வடக்கு. ஆகவே இலக்கின் வடக்கு எண் 8200. பீரங்கித் தாளைத் திறந்து பாருங்கள்: திசை 643, தூரம் 10,161. அவர் வலது என்றார், பீரங்கிக் குழலோ 12 மில் இடப்பக்கம் போயிருக்கிறது! பீரங்கிக்காரருக்கு நோக்குநர் எங்கே நிற்கிறார் என்பதே தெரிய வேண்டியதில்லை.

படி 5: குழலின் உயரக் கோணத்துக்கு ஒரு கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். காற்றுத் தடை, வெப்பநிலை, குழலின் தேய்மானம் எல்லாம் அதற்குள் வரும். 1946இல் அறிமுகமான எனியாக் கணினியைக் கட்டியதே எந்தத் தூரத்துக்கு எந்தக் கோணம் என்று சொல்லும் அட்டவணைகளுக்காகத்தான். மேசைக் கணிப்பானில் ஒருவர் சுமார் 20 மணி நேரம் போட்ட ஒரே ஒரு குண்டுப்பாதையை அது 30 நொடியில் முடித்தது.