மேசை மேல் அல்ட்ராமேன்: பொம்மையும் போனும் வைத்துச் சண்டைக் காட்சி எடுக்கும் முறை

ராட்சத அரக்கர்களோடு மோதும் ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகன் அல்ட்ராமேன். அவர் ரசிகர் வீட்டில் பண்டாய் நிறுவனத்தின் சாஃப்ட் வினைல் (மென்பிளாஸ்டிக்) பொம்மை ஒன்றாவது இருக்கும். அதை மேசையில் நிறுத்தி மேலிருந்து படம் எடுத்தால் பொம்மையாகத்தான் தெரியும். முதல் தொடர் 1966 ஜூலையில் தொடங்கிய காலத்திலிருந்து அதைத் தயாரித்த சுபுராயா நிறுவனம் பிடித்து வைத்திருக்கும் வழி வேறு. ரப்பர் உடை அணிந்த ஒரு நடிகர், அவர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் வரும் கட்டடங்கள், தரையோடு தரையாகக் கேமரா, திரையில் அசைவு மெதுவாகத் தெரியும்படி வழக்கத்தைவிட அதிவேகப் படப்பதிவு. அந்த வழியை 13 செ.மீ. பொம்மைக்குச் சுருக்குவதுதான் இங்கே வேலை. செலவு அதிகமில்லை. கணக்கு மட்டும் பிசகக் கூடாது.

1. முதலில் அளவு விகிதம்

முதல் அல்ட்ராமேனின் உயரம் 40 மீட்டர். அல்ட்ரா ஹீரோ வரிசை பொம்மைகள் சுமார் 13 செ.மீ. விகிதம் ஏறத்தாழ 1:300. இது வசதியான எண். நிஜத்தில் 3 மீட்டர் உள்ள ஒரு மாடி, நம் மேசையில் சரியாக 1 செ.மீ. மற்றவை இப்படி வரும்:

- பத்து மாடி அலுவலகக் கட்டடம்: 10 செ.மீ.
- இரண்டு மாடி ஓட்டு வீடு: கூரையோடு 2.5 செ.மீ.
- கார்: 1.5 செ.மீ. நீளம்
- இருவழிச் சாலை: 2.3 செ.மீ. அகலம்
- மின்கம்பம்: 3.5 செ.மீ.
- ஆள்: 5 முதல் 6 மி.மீ.

பிந்தைய தொடர்களின் நாயகர்களில் டிகா 53 மீட்டர், பிளேசர் 50 மீட்டர். பொம்மை அதே உயரத்தில்தான் வருகிறது. ஆகவே அவர்களுக்குக் கட்டும் ஊரில் ஒரு மாடி ஏறத்தாழ 7.5 மி.மீ. டோக்கியோ கோபுரத்தைச் செய்து உடைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது 333 மீட்டர், மேசையில் 1.1 மீட்டர் ஆகிவிடும். முதல் முயற்சிக்கு வேண்டாம். ஒசாகா கோட்டை பரவாயில்லை. சுமார் 55 மீட்டர், அதாவது 18 செ.மீ. முதல் தொடரின் 27ஆம் அத்தியாயத்தில் கோமோரா என்ற அரக்கன் அதைத் தகர்க்கும் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

2. பொம்மையை நிமிராமல் நிறுத்துதல்

கடையிலிருந்து வரும் பொம்மை விறைப்பாக நிற்கும். முதல் அல்ட்ராமேன் உடைக்குள் இருந்த பின் ஃபுருயாவின் சண்டை நிலை முதுகு வளைந்து, முழங்கால் மடிந்து, கைகள் முன்னே நீண்டு இருக்கும். சாஃப்ட் வினைலில் தோளும் இடுப்பும்தான் சுழலும், முழங்கை மடங்காது. வெந்நீர்தான் வழி.

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். கையையோ காலையோ அரை நிமிடம் முக்கினால் இளகிவிடும். வேண்டிய அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே வளைத்து, ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். கூடுதலாக வளைப்பது ஏனென்றால் வினைல் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பும். வெயிலிலோ சூடான விளக்கடியிலோ நின்றால் இன்னும் திரும்பும். கொதிக்கும் நீரில் நேரடியாகப் போட்டு விட்டுவிட்டால் கால் நசுங்கும், பிறகு பொம்மை நிற்காது.

எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் என்ற மூட்டுப் பொம்மை வரிசையை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. சுமார் 15 செ.மீ. உயரம், மூட்டெல்லாம் மடங்கும். ஆனால் அந்த மூட்டுகளின் இடைவெளி அருகிலிருந்து எடுக்கும்போது அப்பட்டமாகத் தெரியும். அதனால் நெருக்கமான காட்சிக்கு வினைல், கையிலிருந்து கதிர் பாயும் காட்சிக்கு ஃபிகுவார்ட்ஸ் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

3. ஊர்

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள தெர்மாகோல் பலகை ஒன்றே அடித்தளம். தடிமன் ஏன் முக்கியம் என்பது கேமரா பகுதியில் வரும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும். ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சாலைக்குக் கறுப்பு சார்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஒட்டுங்கள். தேய்க்காத சார்ட் வெளிச்சத்தில் பளபளக்கும்.

கட்டடங்களுக்கு 1 மி.மீ. அட்டை. மூன்று பக்கம் போதும், கேமராவுக்குத் தெரியாத பின்பக்கம் திறந்திருக்கட்டும். ஜன்னல்களைக் கணினியில் கட்டம் போட்டு அச்செடுத்து ஒட்டலாம். பத்துக் கட்டடத்துக்கு மேல் தேவைப்படாது. முன்வரிசையில் தாழ்ந்த வீடுகள், நடுவில் பொம்மை நிற்க வெற்றிடம், பின்னால் உயர்ந்த கட்டடங்கள். பின்வரிசையின் நிறத்தில் வெளிர் நீலமும் சாம்பலும் கலந்து மங்கலாக்குங்கள். தொலைவு அதில்தான் வரும்.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் மின்கம்பங்கள். ஜப்பானியத் தெரு என்று ஒரு நொடியில் அடையாளம் காட்டுவதும், அல்ட்ராமேனின் உயரத்தைக் காட்டுவதும் அவைதான். பல்குச்சியை 3.5 செ.மீ.க்கு வெட்டி, மேலே இரண்டு குறுக்குத் துண்டுகள் ஒட்டி, சாம்பல் நிறம் அடியுங்கள். கம்பிக்குக் கறுப்புத் தையல் நூல். நூலை அப்படியே கட்டினால் அதன் பிசிறுகள் பெரிய திரையில் முடி முளைத்த கம்பிபோல் தெரியும். கட்டும் முன் மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துவிட்டால் பிசிறு படிந்துவிடும். விறைப்பாகக் கட்டாமல் கொஞ்சம் தொய்ய விடுங்கள்.

வானத்துக்கு வெளிர் நீல சார்ட் இரண்டை இணைத்து, ஊருக்கு 60 செ.மீ. பின்னால் நிறுத்துங்கள். அதைவிட நெருங்கினால் அல்ட்ராமேனின் நிழல் வானத்தில் விழும். புதியவர்கள் எடுக்கும் படங்களில் அதிகம் காணப்படும் குறை இதுதான்.

4. வெளிச்சம்

சூரியன் ஒன்றுதான், ஆகவே விளக்கும் ஒன்றுதான். நாலாபுறமும் விளக்கு வைத்தால் பொம்மைக்கு நான்கு நிழல். மொட்டை மாடியில் காலை வெயில் போல வசதியானது வேறில்லை. சாய்ந்து விழும், நிழல் கூர்மையாக இருக்கும், காசும் கிடையாது. வெயில் பொம்மையின் பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து விழட்டும். முகம் இருட்டினால் எதிரில் ஒரு வெள்ளைச் சார்ட்டைப் பிடியுங்கள்.

வீட்டு விளக்கில் ஸ்லோ மோஷன் எடுக்க வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல எல்இடி பல்புகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் காணொளியில் வெளிச்சம் ஏறி இறங்குவதாகப் பதிவாகும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. இரவில்தான் எடுக்க வேண்டுமென்றால் பேட்டரி டார்ச்சை முழு வெளிச்சத்தில் வையுங்கள். மங்கலாக வைத்தால் சில டார்ச்சுகளும் துடிக்கும்.

5. கேமரா: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

தெருவில் நிற்கும் மனிதனின் கண் 1.6 மீட்டரில் இருக்கிறது. 1:300இல் அது 5 மி.மீ. உங்கள் லென்ஸ் தெரு மட்டத்திலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருந்தால் அல்ட்ராமேன் 40 மீட்டர். 13 செ.மீ.க்கு ஏறிவிட்டால் அவர் முகத்துக்கு நேர் நிற்கும் இன்னொரு பூதத்தின் பார்வை. அதற்கும் மேலே போனால் பழையபடி பொம்மை.

போனைத் தலைகீழாகத் திருப்பினால் லென்ஸ் கீழே வந்துவிடும். அப்படியும் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும், அதாவது 3 மீட்டருக்கு மேலான உயரம். அதற்காகத்தான் 5 செ.மீ. தெர்மாகோல்: போனை ஊருக்கு வெளியே, மேசைமட்டத்தில் நிறுத்தி, கீழே அட்டைகளை அடுக்கி, லென்ஸ் தெரு மட்டத்துக்கு 5 மி.மீ. மேலே வரும்படி செய்யுங்கள்.

அடுத்தது குவியம். நிஜமான 40 மீட்டர் உருவத்தைத் தூரத்திலிருந்து எடுத்தால் அதுவும் அதன் பின்னால் இருப்பதும் தெளிவாகத்தான் இருக்கும். பின்னணி மங்கினால் பார்ப்பவர் மூளை ‘சின்னப் பொருள்’ என்று முடிவு கட்டிவிடும். ஆகவே போர்ட்ரெய்ட் முறையை அணையுங்கள். மேக்ரோவும் வேண்டாம். முதன்மை லென்ஸை வைத்து, பொம்மையிலிருந்து 50 செ.மீ.யாவது விலகி, குவியத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

முன்னால் ஏதாவது ஒன்று மறைக்கட்டும்: கம்பம், கூரை விளிம்பு, ஒரு ஜன்னல் சட்டம். 1960களில் அகியோ ஜிஸ்ஸோஜி இயக்கிய அத்தியாயங்களிலும், ஆர்ப், இசட், பிளேசர் தொடர்களில் கியோதகா தகுச்சியின் காட்சிகளிலும் இதைக் கவனிக்கலாம். தகுச்சி அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகச் சண்டையைக் காட்டுவார். அந்த ஜன்னலுக்கு அட்டையில் நான்கு கீற்றுகள் வெட்டி லென்ஸுக்கு முன்னால் பிடித்தால் போதும். செலவில்லாத வித்தை, பலன் மிகப் பெரிது.

6. வேகம், புழுதி, உடைதல்

30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரை தொட ஏறக்குறைய 2.5 வினாடி ஆகும். நம் 10 செ.மீ. கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் துண்டுக்கு 0.14 வினாடி. வித்தியாசம் 17 மடங்கு, அதாவது 300இன் வர்க்கமூலம். அத்தனை மடங்கு மெதுவாக ஓட்டினால்தான் நிஜக் கட்டடம் விழுவதுபோல் தெரியும். ஸ்டுடியோவில் நடிகரின் விகிதம் ஏறத்தாழ 1:22 என்பதால் ஐந்து மடங்குக்குள் வேலை முடிந்துவிடும். நமக்குப் போனில் கிடைப்பது 240 பிரேம், அதை 24 பிரேமில் ஓட்டினால் 10 மடங்கு. பற்றாக்குறைதான். ஆகவே விழும் காட்சியை முழுதாகக் காட்டாமல் பாதியில் வெட்டுங்கள், மீதியைப் புழுதி மறைக்கட்டும். பொம்மையைத் தள்ளும் உங்கள் கை மட்டும் படு வேகமாக இயங்க வேண்டும். அரை வினாடித் தள்ளல் திரையில் 5 வினாடி ஆகிவிடும்.

புழுதிக்கு முல்தானி மட்டி. சினிமாவிலும் பயன்படும் பொருள்தான், நிறமும் மண்ணுக்குப் பொருந்தும். கயா தொடரில் (1998) அல்ட்ராமேன் தரையிறங்கும்போது எழும் மண் மேகத்தைப் போலச் செய்ய, இரண்டு தேக்கரண்டி மட்டியைச் சலித்து, கால் பதியும் இடத்தில் குவித்து, பொம்மையை 10 செ.மீ. உயரத்திலிருந்து இறக்குங்கள். அதே நொடியில் ஒருவர் ஸ்ட்ராவால் பக்கவாட்டில் ஊத வேண்டும். முகக்கவசம் கட்டாயம். மைதா எடுக்காதீர்கள். கட்டி கட்டியாக விழும், தீப்பொறி பட்டால் பற்றவும் செய்யும். பட்டாசு, கம்பி மத்தாப்பு பற்றிய யோசனையே வேண்டாம். வினைலும் தெர்மாகோலும் எரிந்தால் வரும் புகை நஞ்சு.

உடையும் கட்டடத்தை அட்டையில் செய்ய முடியாது, அது மடங்கும். சாதாரணமாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 2 பங்குக்குத் தண்ணீர் 1 பங்கு. இங்கே பலவீனம்தான் வேண்டும் என்பதால் 3 பங்குக்கு 2 பங்கு தண்ணீர். பிளாஸ்டிக் தாளின் மேல் 2 மி.மீ. தடிமனில் ஊற்றி, பாதி இறுகியதும் பின்பக்கமாக வரப்போகும் முகத்தில் தாறுமாறாகக் கத்தியால் கீறிவிடுங்கள். ஒருநாள் முழுதும் காயட்டும். தடிமன் கூடினால் இரண்டு பெரிய துண்டாகப் பிளந்து குட்டு வெளிப்பட்டுவிடும். உள்ளே மட்டியும் அட்டைத் துணுக்குகளும் கொஞ்சம் போட்டு வையுங்கள். மூன்று செய்து வைத்துக்கொண்டுதான் ஒன்றை உடைக்க வேண்டும்.

7. எதிரி பெரியவன் என்றால்

ஜெட்டன் என்ற அரக்கன் 60 மீட்டர். ஆனால் பொம்மையாக அல்ட்ராமேன் உயரம்தான். இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் முதல் தொடரின் கடைசி அத்தியாயத்தில் அவர் தோற்றதற்கு அர்த்தமே இருக்காது. ஜெட்டனை லென்ஸிலிருந்து 50 செ.மீ.யிலும் அல்ட்ராமேனை 75 செ.மீ.யிலும் நிறுத்துங்கள். ஜெட்டன் ஒன்றரை மடங்காகத் தெரியும். இருவரின் பாதங்களையும் முன்வரிசை வீடுகள் மறைக்க வேண்டும். பாதம் தெரிந்தால் ஏமாற்று தெரிந்துவிடும். தொட்டுக்கொள்ளும் சண்டைக்கு இது உதவாது, முறைத்து நிற்கும் காட்சிக்கு மட்டும்.

8. ஸ்பேசியம் கதிர்

இது முதல் அல்ட்ராமேனின் கைகளிலிருந்து பாயும் ஆயுதம். இடக்கை கிடைமட்டமாக முன்னால், வலக்கை செங்குத்தாக அதன் பின்னால். கதிர் கிளம்புவது வலக்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பிலிருந்து. கையை மாற்றி வைத்தால் ரசிகர்கள் முதல் பின்னூட்டத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

போனை அசையாமல் நிறுத்தி இரண்டு வினாடி எடுங்கள். எடுக்கும்போதே நீல ஜெலட்டின் தாள் சுற்றிய டார்ச்சைக் கைகளுக்கு அருகிலிருந்து மார்பிலும் முகத்திலும் அடிக்க வேண்டும். வரைந்த கதிர் ஒட்டாமல் மிதப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வெளிச்சம் இல்லாததுதான். பிறகு எடிட்டிங் செயலியில் மூன்று அடுக்கு: நடுவில் வெள்ளை, அதைச் சுற்றி வெளிர் நீலம், வெளியே மங்கலாக்கிய அடர்நீலம். மூன்றும் ‘ஸ்கிரீன்’ கலப்பு முறையில். இரண்டு பிரேமுக்கு ஒருமுறை வடிவத்தைச் சற்று மாற்றினால் கதிர் துடிக்கும். மாற்றாவிட்டால் டியூப் லைட்தான்.

தொடரின் இசையையும் ஒலிகளையும் எடுத்துப் போட்டால் யூடியூப் காணொளியை முடக்கக்கூடும். இடிக்கும் ஓசைக்குக் கதவை அறைந்து பதிவு செய்து, வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தாலே கட்டடம் விழும்.

முடிந்ததும் பொம்மையைத் தெர்மாகோல் மேலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சாஃப்ட் வினைலில் உள்ள இளக்கிப் பொருள் கசிந்து நாளடைவில் தெர்மாகோலைக் கரைக்கும், பாதம் ஒட்டிக்கொள்ளும். மட்டியை மென்மையான பிரஷால் தட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பாலித்தீன் பையில் நிற்கும் நிலையிலேயே எடுத்து வையுங்கள்.