டெல்டாவில் 200 கி.மீ. பிஆர்எம்: காற்றும் வைக்கோலும் முள்ளும்

டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அதை நம்பி, பயிற்சி இல்லாமல் 200 கி.மீ. பிஆர்எம்முக்கு, அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்கு, பெயர் கொடுத்துவிடுகிறார்கள். கெடு 13 மணி 30 நிமிடம். மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் போனால் மிதிக்க 9 மணி நேரத்துக்குச் சற்றே அதிகம் ஆகும். சாப்பாட்டுக்கும் பஞ்சருக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். இவ்வளவு தாராளம் இருந்தும் பாதியில் நிற்க வைப்பவை எதிர்காற்றும் சீட் வலியும்.

மலைப்பாதையில் இறக்கம் வந்தால் காலுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே அது கிடையாது. மிதி நிற்காது, உட்கார்ந்த இடமும் மாறாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று பத்துச் சுற்று மிதியுங்கள். விரல் மரத்துப்போகும்வரை காத்திருக்காமல் ஹேண்டிலில் கை வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். சீட் உயரத்துக்கு அதுதான் தொடக்க அளவு. முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். 3 மி.மீ. மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

பயிற்சிக்குப் பத்து வாரம் வையுங்கள். வாரநாளில் இரண்டு முறை ஒரு மணி நேரம், ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம்: 50 கி.மீ.யில் தொடங்கி எட்டாவது வாரம் 140. கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

அந்த ஞாயிறுகளில் காற்றையும் பழகுங்கள். தை, மாசியில் விடியலில் காற்று அடங்கியிருக்கும், பனிமூட்டம் இருக்கலாம். வெயில் ஏற ஏறக் கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பக்கம் போகிறவர் முற்பகலுக்குள் கிழக்குப் பாதியை முடித்தால் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். ஆனி, ஆடியில் தலைகீழ்: போகும்போது மேல்காற்று தள்ளிவிடும், அந்த வேகத்தைத் தன் கால் பலம் என்று நம்புகிறவர் திரும்பும்போது தவிப்பார். எதிர்காற்றில் மீட்டரைப் பார்க்காதீர்கள். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80-90 சுற்று மிதியுங்கள். ஒரு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அளவு சரி.

அறுவடைக் காலத்தில் சாலையே களம். காயப்போட்ட நெல்லின்மேல் ஏற நேர்ந்தால் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள். மணிகள் உருளும், டயருக்குப் பிடிப்பு இருக்காது. வைக்கோல் இன்னும் மோசம். ஒரு தாள் பின்சக்கரக் கியருக்குள் சுற்றிக்கொண்டால் மிதி கனக்கும். உடனே நிறுத்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக் கையால் உருவி எடுங்கள். அழுத்தி மிதித்தால் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) வளையும் அல்லது உடையும். ஹேங்கர் வண்டிக்கு வண்டி வேறு. வழியில் வாங்க முடியாது. ஒன்று பையில் இருக்கட்டும்.

அடுத்தது சீமைக் கருவேல முள். டயரில் எழுதியிருக்கும் பெயருக்கு நேராக வால்வு வருமாறு டியூபை மாட்டி வையுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் முள் டயரில் எங்கே என்பதும் தெரிந்துவிடும். வெளியே பிடுங்கியும் நுனி உள்ளே ஒடிந்து நிற்கும். விரலால் உட்புறம் மெல்லத் தடவி, நகவெட்டியால் இழுத்துவிட்டுப் புது டியூப் போடுங்கள். அடுத்தடுத்துப் பஞ்சராவதற்குப் பெரும்பாலும் அந்த நுனிதான் காரணம். இரண்டு டியூப், பேட்ச், கைப்பம்பு, பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வு என்றால் அதற்கான அடாப்டர் தேவை; அடாப்டர் இல்லாமல் ஊர்ப் பஞ்சர் கடையில் காற்று ஏறாது. 28 மி.மீ. டயர், 70 கிலோ ஆள் என்றால் முன்னே 70, பின்னே 75 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும்.

மணிக்கு 500 முதல் 750 மி.லி. தண்ணீர், 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர மோரிஸ் பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. கடலை மிட்டாய் கூடவே போகட்டும். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டை 750 மி.லி. பாட்டிலில் முழுதாகக் கொட்டாதீர்கள், குமட்டும். இளநீரில் உப்பு குறைவு. உப்புப் போட்ட மோர் தேவலை. கும்பகோணத்தில் டிகிரி காபிக்கு நிற்பது தப்பில்லை, உட்கார்ந்துவிடுவதுதான் தப்பு.

முன், பின் லைட்டுகளை முந்தைய இரவே சார்ஜ் செய்யுங்கள். வழியில் சோதனை இடங்களில் கையெழுத்து வாங்கும் பிரெவே அட்டையை ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ஜெர்சிப் பையில் வியர்வை பட்டால் கையெழுத்து அழிந்துவிடும். வேதாரண்யம் பக்கம் போய்வந்த வண்டி என்றால் அன்றிரவே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று ஒரே ராத்திரியில் துருவைத் தொடங்கிவிடும்.