ஈரோடா, கரூரா, நாமக்கல்லா? ஊரை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

வங்கி வேலையில் இடமாற்றம் என்னை ஈரோடு, கரூர், நாமக்கல் மூன்றிலும் குடியிருக்க வைத்தது. அதனால் ஓய்வுபெற்ற பிறகும் போன் வருகிறது. போன வருடம் வந்த ஒன்று: “சார், பையனுக்குக் கரூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. மருமகள் நாமக்கல்லில் டீச்சர். சம்பந்தி ஈரோட்டில் இருப்பதால் அவர் ஈரோடுதான் பெரிய ஊர், அங்கே வீடு பாருங்கள் என்கிறார். மூன்றில் எது சார் நல்ல ஊர்?”

இந்த மூன்று ஊர்களும் காவிரியை நடுவில் வைத்து முக்கோணமாக உட்கார்ந்திருக்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் அதிகம் போனால் இரண்டு மணி நேரம். அதனாலேயே எல்லோரும் இவற்றை ஒப்பிடுகிறார்கள், அதனாலேயே தவறாகவும் ஒப்பிடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

மக்கள்தொகைக் கணக்கு சொல்லும் கதை

பெரும்பாலோர் இணையத்தில் முதலில் தேடுவது மக்கள்தொகை. 2001 கணக்கெடுப்பில் கரூர் நகராட்சியில் சுமார் 76 ஆயிரம் பேர். 2011இல் சுமார் 71 ஆயிரம். பத்து ஆண்டில் ஐயாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள் என்றால் என்ன தோன்றும்? ஊர் படுத்துவிட்டது என்றுதானே. ஈரோட்டைப் பார்த்தால் 2001இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம், 2011இல் 1,57,101. அதுவும் நகரவே இல்லை. நாமக்கல் 53 ஆயிரத்திலிருந்து 55 ஆயிரம். மூன்றும் தூங்கும் ஊர்கள் என்று முடிவு கட்டிவிடலாம்.

அந்தப் பத்தாண்டில் கரூரில் இருந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, திரைச்சீலை என்று வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி வளர்ந்த காலம் அது. ஜவஹர் பஜாரை ஒட்டிய தெருக்களில் நான் முதலில் வீடாகப் பார்த்த கட்டடங்கள் பிறகு குடோனாகவும் கடையாகவும் மாறின. அங்கிருந்தவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. தாந்தோணிமலைக்கும் இனாம் கரூருக்கும் போனார்கள். அந்த இரண்டும் அப்போது தனித்தனி நகராட்சிகள், ஆகவே கணக்கெடுப்பில் கரூர் ஆகவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து நகரத் தொகுதி என்று எடுத்த கணக்கில் அதே 2011இல் கரூர் 2 லட்சத்து 30 ஆயிரத்தைத் தாண்டுகிறது.

ஈரோட்டிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். வீரப்பன்சத்திரம், சூரம்பட்டி, காசிபாளையம் மூன்றும் தனி நகராட்சிகளாக இருந்து 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தன. வீரப்பன்சத்திரத்தில் குடியிருந்தவர் தன்னை ஈரோட்டுக்காரர் என்றுதான் சொல்வார், கணக்கு மட்டும் அவரை வெளியே நிறுத்தியது. நகரத் தொகுதியாக எடுத்தால் ஈரோடு ஐந்து லட்சத்தைத் தாண்டிய ஊர்.

ஆகவே ஒரு ஊருக்கு நகராட்சி எல்லைக் கணக்கையும் இன்னொன்றுக்கு நகரத் தொகுதிக் கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அது ஊர்களை ஒப்பிடுவது ஆகாது, கோடுகளை ஒப்பிடுவது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அதற்குப் பின் சொல்லப்படும் எண்கள் எல்லாம் மதிப்பீடுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை உண்டு. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் பள்ளிபாளையம். தறிச் சத்தம் மாறாது, பேச்சு மாறாது, கடைக்காரர் சரக்கு எடுப்பதும் ஈரோட்டில்தான். ஆனால் மாவட்டம் நாமக்கல். பவானிக்கு எதிர்க்கரையில் இருக்கும் குமாரபாளையமும் அப்படியே. நாமக்கல் மாவட்டத்தின் நகர வளர்ச்சி என்று யாராவது சதவீதம் காட்டினால், அதில் எவ்வளவு ஈரோட்டுக் கரையின் வளர்ச்சி என்று கேளுங்கள். நாமக்கல் நகரத்துக்கும் அதற்கும் ஐம்பது கிலோமீட்டர் தூரம்.

மாநகராட்சி என்ற பலகை

ஈரோடு 2008இல் மாநகராட்சி ஆனது. கரூர் 2021இல். நாமக்கல் 2024இல், சுற்றியிருந்த ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு. அறிவிப்பு வந்த வாரமே மனை விலை ஏறும், துண்டுப்பிரசுரம் வரும். பலகை மாறியதால் சாக்கடை ஓடிவிடாது. ஊராட்சியாக இருந்த தெருவுக்குச் சொத்து வரி முதலில் வரும், குழாய் பிறகு வரும். மனை வாங்குபவர் அந்தத் தெரு எந்த ஆண்டு நகரத்துக்குள் வந்தது என்று கேட்டால் போதும்.

முட்டை ஊர், துணி ஊர், மஞ்சள் ஊர்

ஒரே சொல்லில் ஊரை முடித்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. நாமக்கல் என்றால் முட்டை. உண்மைதான். அங்கே காலையில் டீக்கடையில் தங்கம் விலையைப் பேசும் நேரத்துக்கு முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலையைப் பேசுவார்கள், அதுவும் காசுக் கணக்கில். ஐந்து காசு ஏறினால் முகம் மலரும். ஐந்து காசு என்று வெளியூர்க்காரர் சிரிப்பார். பண்ணையில் நாளைக்கு ஒரு லட்சம் முட்டை எடுப்பவருக்கு அது தினமும் ஐயாயிரம் ரூபாய். எங்கோ வட மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் இங்கே ஒரு கோழிக்கும் தும்மல் இல்லாமலே விலை இறங்கும். மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறினாலும் அடி இங்கேதான்.

ஆனால் நாமக்கல்லை முட்டை மட்டும் நடத்தவில்லை. சேலம் சாலையில் காலையில் நின்றால் உடம்பில்லாத லாரிகள் வரும். எஞ்சின், சக்கரம், ஒரு தற்காலிக இருக்கை, அதில் தலையில் துண்டைக் கட்டிய டிரைவர். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக ஓட்டி வருகிறார்கள். கூண்டு கட்டுவது நாமக்கல் பட்டறைகள். கொல்லர், தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு வண்டியில் பத்துப் பேர் கை படும். சமையல் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் இங்கே ஏராளம். வண்டி லைனுக்குப் போனால் வீட்டுக்காரர் வாரக் கணக்கில் வரமாட்டார், வங்கிக் கவுன்டருக்கு வருவது மனைவிதான். அந்த ஊர்ப் பெண்களின் கணக்குச் சுத்தத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லாரிக்கு நாமக்கல் என்றால் பஸ்ஸுக்குக் கரூர். அங்கே பஸ் பாடி கட்டுகிறார்கள், கொசுவலை நெய்கிறார்கள், பக்கத்துப் புகழூரில் காகித ஆலை. 1916இல் ஒரு வங்கியும் 1926இல் இன்னொன்றும் பிறந்த ஊர் அது. இரண்டாவது, லட்சுமி விலாஸ் வங்கி, 2020இல் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது. ஆகவே கரூரை வெறும் துணி ஊர் என்று சொல்வது பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதி பெரிய பாதி. வெளிநாட்டு ஆர்டர் குறைந்த மாதத்தில் மளிகைக் கடை வரை அது தெரியும். குடும்பத்தில் இருவருமே ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தால் யோசிக்க வேண்டும். ஒருவர் அங்கே, ஒருவர் பள்ளியில் என்றால் நல்ல சேர்க்கை.

ஈரோடு இவற்றில் கடினமான ஊர், ஏனென்றால் அது வியாபார ஊர். பொருளை விளைவிப்பதும் நெய்வதும் பக்கத்து ஊர்கள், கைமாறுவது இங்கே. மஞ்சள் ஏலத்தில் ஒரு வியாபாரியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு விரலி மஞ்சளைக் கையில் எடுப்பார், ‘டக்’ என்று ஒடிப்பார், உள்நிறத்தைப் பார்ப்பார், சீட்டில் ஒரு எண் எழுதுவார். ஒரு நிமிடம் ஆகாது. விவசாயி பக்கத்திலேயே நிற்பார், இருவரும் பேச மாட்டார்கள். பழகாதவருக்கு இது கல்நெஞ்ச ஊராகத் தோன்றும்.

எந்தக் கிழமை போனீர்கள்?

ஈரோட்டைத் திங்கள் இரவிலோ செவ்வாய்க்கிழமையோ பார்த்துவிட்டு, “ஐயோ, நடக்கவே இடமில்லை” என்று திரும்புகிறவர்கள் உண்டு. அது ஜவுளிச் சந்தை நாள். கேரளா, கர்நாடகம், ஆந்திரா என்று வியாபாரிகள் வந்து மூட்டை கட்டுவார்கள். அதே பன்னீர்செல்வம் பூங்காப் பக்கம் வியாழக்கிழமை போனால் வேறு ஊர் மாதிரி இருக்கும். இரண்டில் எது ஈரோடு? அங்கே குடியிருக்கப் போகிறவருக்கு இரண்டும்.

என் பிழை இதே இனம்தான். கரூருக்கு மாற்றல் வந்தபோது மார்கழியில் வீடு பார்த்தேன். இரண்டாம் மாடி, நல்ல வெளிச்சம், மேற்கே ஜன்னல், இதமான காற்று. உடனே அட்வான்ஸ் கொடுத்தேன். சித்திரையில் அந்த வீட்டின் குணம் தெரிந்தது. இரவு பதினொரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியவில்லை. என் மனைவி மூன்று மாதம் சமையலை விடியற்காலை ஐந்து மணிக்கே முடித்தார். வீட்டுக்காரர் மேல் குற்றமில்லை, நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வது: ஏப்ரல் மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வீடு பாருங்கள்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கோடையில் செய்தியில் வரும் ‘கரூர் பரமத்தி’ கரூர் நகரம் அல்ல. கோயம்புத்தூர் சாலையில் மேற்கே இருக்கும் க.பரமத்தி அது. நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வேறு, அது காவிரிக் கரை. இரண்டையும் ஒன்றாக்கி, எந்த ஊர் சூடு என்று சண்டை போடுகிறார்கள். மூன்று ஊரும் சூடுதான்.

தண்ணீருக்கும் ஊர்ப்பெயர் போதாது

காவிரி ஓடும் ஊர் என்பதால் ஈரோட்டுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை என்பது இன்னொரு அவசர முடிவு. சாயப்பட்டறை, தோல் பட்டறைக் கழிவுகளைப் பல ஆண்டுகள் வாங்கிய கரை அது. அதனால்தான் பவானிக்கு மேலே ஊராட்சிக்கோட்டையில் நீர் எடுத்து நகரத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தது. நாமக்கல்லில் ஆறே இல்லை, பாறை மேல் உட்கார்ந்த ஊர், குடிநீர் காவிரியிலிருந்துதான் வர வேண்டும். கரூருக்கு அமராவதி ஊருக்குள் ஓடுகிறது, காவிரி பக்கத்தில். ஆனாலும் சாயத்தின் தழும்பு அங்கேயும் உண்டு.

ஒரு ஊரின் வளர்ச்சிக்கு இன்னொரு ஊர் கட்டணம் செலுத்துவதற்கு நொய்யல் ஆற்றைவிட நல்ல சாட்சி கிடையாது. திருப்பூரின் பனியன் வளர்ச்சியைப் புள்ளிவிவரமாகப் படித்தால் பிரமிப்பாக இருக்கும். அதன் சாயக் கழிவு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணைக்குக் கீழே கரூர் மாவட்டம் வரை விவசாயிகளுக்கு உப்புக் கிணறுதான் மிஞ்சியது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வளர்ச்சியில் திருப்பூருக்கு எத்தனை மதிப்பெண் போட்டாலும், கழிக்க வேண்டியது கீழே வேறொரு மாவட்டத்தின் கணக்கில் இருக்கிறது.

வீடு பார்க்கும்போது இத்தனை தூரம் யோசிக்க வேண்டாம். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, தண்ணீர் உப்பா என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

பெயரில் இருக்கும் வசதி

மூன்று மாவட்டத்துக்கும் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது என்று சமமாக டிக் அடித்துவிடக் கூடாது. ஈரோட்டுடையது இருப்பது பெருந்துறையில். ரயில் என்றால் ஈரோட்டுக்கும் கரூருக்கும் ஈடில்லை, இரண்டும் சந்திப்புகள். நாமக்கல் 2013இல் சேலம்–கரூர் பாதை வரும்வரை ரயிலே பார்க்காத ஊர். ஆனால் அந்த ஒரு பாதை மூன்று ஊரின் கணக்கையும் கொஞ்சம் மாற்றியது, கரூரில் வேலை பார்த்து நாமக்கல்லில் தூங்குவது சாத்தியமானது.

மனிதர்களின் குணத்தைப் பற்றி மட்டும் குறைவாகவே சொல்வேன். “கரூர்க்காரர்கள் இப்படி, ஈரோட்டுக்காரர்கள் அப்படி” என்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு அலுவலகத்தையோ ஒரே ஒரு வீட்டுக்காரரையோ பார்த்தவர். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு திருச்சிக்குப் போனது, 1995இல் தனி மாவட்டம் ஆனது. இன்றும் நகரத்துக்கு மேற்கே போகப் போக ‘ங்க’ கூடும், குளித்தலைப் பக்கம் போகப் போகக் குறையும். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு என்றால் ஊர்க் குணத்தை ஒரு வரியில் எழுதுவது எப்படி?

போன் செய்தவருக்கு நான் எந்த ஊர் என்று சொல்லவில்லை. மருமகள் காலை எத்தனை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், மகனுக்கு இரவு ஷிப்மென்ட் வேலை மாதத்தில் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து அவரே அழைத்தார். வேலாயுதம்பாளையத்தில் வீடு பார்த்துவிட்டார்களாம். காவிரிக்குத் தென்கரை, கரூர் மாவட்டம். மகன் தெற்கே ஒரு பஸ், மருமகள் பாலம் தாண்டி வடக்கே ஒரு பஸ். வாழைப்பழமும் வெற்றிலையும் எதிர்க்கரை பரமத்தி வேலூரிலிருந்து. சம்பந்திக்கு மட்டும் இன்னும் வருத்தம், “கேட்டால் சொல்வதற்கு ஒரு ஊர்ப்பெயர் வேண்டாமா?” என்கிறாராம்.