ஆஃப்ரோடு ட்ரெய்லருக்குக் கதவுபோல் திறக்கும் ஸ்டெப்னி தாங்கி

வெல்டிங் மெஷினைத் தொடுவதற்கு முன் எடையைக் கணக்குப் போடுங்கள். இரும்பு ரிம்மோடு 31 அங்குல டயர் 35 கிலோவைத் தொடும். தாங்கியையும் சேர்த்தால் 50. ஆக்ஸிலுக்கு 1.8 மீட்டர் பின்னால் அது தொங்க, இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லரை இணைக்கும் கப்ளிங் ஆக்ஸிலிலிருந்து 2.7 மீட்டர் முன்னால் இருந்தால், கப்ளிங் மேல் இறங்கும் எடையில் 33 கிலோ காணாமல் போகும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்காவிட்டால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும். தண்ணீர் டேங்கையோ டூல் பெட்டியையோ முன்னால் தள்ள இடமில்லை என்றால் இந்த வேலையே வேண்டாம். ஸ்டெப்னியை முன்பக்க இழுவைச் சட்டமான ட்ராபாரில் மாட்டிவிடுங்கள்.

ஸ்டெப்னியைச் சுமந்து கதவுபோல் திறக்கும் கைக்கு 50×50×5 மி.மீ. ஸ்கொயர் பைப் போதும். கீலுக்கு கேட் கீல் ஆகாது, ஒரு பருவத்திலேயே தொங்கிவிடும். சிறிய ட்ரெய்லர் ஆக்ஸிலின் ஸ்பிண்டில் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு), ஹப் (அதன் மேல் சுழலும் குடம்), இரண்டு டேப்பர் பேரிங் (கூம்பு உருளை பேரிங்) வாங்கி, ஸ்பிண்டிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அதுதான் கீல்.

பின் குறுக்குச் சட்டத்தின் மேல் சுவர், கீழ்ச் சுவர் இரண்டையும் துளைத்து ஸ்பிண்டிலை இறக்கி, இரண்டு பக்கமும் சுற்றி வெல்ட் செய்ய வேண்டும். மேல் தகட்டில் மட்டும் ஒட்டினால் தகடு மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கி, வெல்டின் ஓரமாகவே கிழியும். முதலில் சேஸிஸை ரசமட்டம் வைத்துச் சமன்படுத்துங்கள். நான்கு டேக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) அடித்து, மூலைமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள்; அப்புறம் எதிரெதிராக மாற்றி மாற்றி வெல்ட். சாய்ந்துபோனால் கை தானாகவே திறக்கும், அல்லது உங்கள் முதுகில் வந்து மூடும்.

பேரிங்கையும் சீலையும் மாட்டியபடி வெல்ட் செய்யாதீர்கள். சீல் உருகுவது ஒருபக்கம்; எர்த் கிளாம்ப் தப்பான இடத்தில் இருந்தால் கரண்ட் பேரிங் வழியே பாய்ந்து ரோலரில் குழி விழும். சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கைக்குத் தெரியும்.

பல ஹப்கள் வார்ப்பிரும்பு. அதில் சாதாரண ராடு வைத்து வெல்ட் செய்தால் ஆறும்போதே விரிசல் விடும். ஆகவே கையின் அடியில் 10 மி.மீ. பிளேட்டை வெல்ட் செய்து, அதை ஹப்பில் சக்கரம் மாட்டும் ஸ்டட்டிலேயே நட்டுப் போட்டு முடுக்குங்கள். பிளேட்டும் கையும் சேரும் மூலையில் முக்கோண முட்டு கட்டாயம்.

பேரிங் நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே முடுக்குங்கள். சக்கரத்துக்கு லேசான ஆட்டம் விடுவது வழக்கம். இங்கே லேசான பிடிப்பு வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவே 60 மி.மீ. இருந்து 0.1 மி.மீ. ஆட்டம் இருந்தாலே, 900 மி.மீ. கையின் நுனி 1.5 மி.மீ. ஆடும்.

உண்மையில் தாங்கி உடைவது பெரும்பாலும் கையின் நுனியைப் பூட்டும் லாட்ச் பக்கம் செய்யும் கஞ்சத்தனத்தால்தான். மூடியிருக்கும்போது நுனி அந்தரத்தில் நிற்கக் கூடாது. அதன் கீழே 10 மி.மீ. பிளேட்டில் சரிவு மேடை ஒன்று வையுங்கள். மூடும்போது கை அதில் ஏறி 3 மி.மீ. உயர வேண்டும். எதிரே ஒரு ரப்பர் ஸ்டாப்பர், நெம்பி இறுக்கும் பூட்டான டாகிள் கிளாம்ப் இழுக்கும்போது 3 மி.மீ. நசுங்கும் அளவுக்கு. இந்த இறுக்கம் இல்லையென்றால் ஒவ்வொரு குழியிலும் கை சுத்தியலாக அடிக்கும். கிளாம்ப்பை மட்டும் நம்பாமல் குறுக்கே 12 மி.மீ. பின்னும் போடுங்கள். திறந்த நிலையில் நிறுத்தவும் ஒரு பின் வேண்டும்.

சக்கர மவுண்டைக் கடைசியில்தான் வெல்ட் செய்ய வேண்டும். ரிம்மின் போல்ட் வட்டத்துக்கு ஏற்ப 10 மி.மீ. பிளேட், மூன்று ஸ்டட். ரிம்மின் மவுண்ட் முகத்திலிருந்து உள்விளிம்பு வரை அளந்து, டயரின் புடைப்புக்கு 25, இடைவெளிக்கு 10 மி.மீ. கூட்டுங்கள், கையிலிருந்து மவுண்ட் அவ்வளவு வெளியே நிற்க வேண்டும். பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் டயர் மறைக்கிறதா என்று டேக் நிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

பெயின்ட் அடித்தபின் முதல் 50 கிலோமீட்டர் கரடுமுரடுப் பாதை முடிந்ததும் நட்டுகளை மறுபடி முடுக்கி, சரிவு மேடையைப் பாருங்கள். பெயின்ட் ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால் கை சரியாக உட்கார்ந்திருக்கிறது. பரவலாகச் சுரண்டியிருந்தால் நுனி இன்னும் ஆடுகிறது, ரப்பரின் அடியில் வாஷர் ஒன்று சேர்த்துவிடுங்கள்.