புள்ளி உதிராமல் வண்டிக்கு சிரிப்பு ஸ்டிக்கர் ஒட்டும் முறை

நாமக்கல்லில் லோடு வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவது என் தொழில். முட்டை ஏற்றும் குட்டி யானைகள்தான் அதிகம் வரும். போன மாதம் ஒரு தம்பியின் வண்டிக்குப் பின்னால் 'இடிச்சா ஆம்லெட்!' என்று ஒட்டினேன். வாசகம் இவ்வளவுதான் இருக்க வேண்டும். பின்னால் வருகிறவர் சாலையையும் பார்க்க வேண்டுமே. ஏற்றும் சரக்கிலிருந்தே சிரிப்பு வந்தால் வண்டிக்குச் சொந்தமாக நிற்கும். பெண்களையோ சாதியையோ சீண்டும் வரிகளை நான் வெட்டித் தருவதில்லை.

முப்பது அடி தள்ளி நிற்பவர் சிரமமின்றிப் படிக்க, எழுத்து மூன்று அங்குல உயரம் வேண்டும். அப்புறம் புள்ளி. தமிழ் ஸ்டிக்கரில் முதலில் உதிர்வது அதுதான், தனித் துண்டு என்பதால். ஒரு தண்ணீர் கேன் வண்டிக்கு 'கேன் கனம், மனசு லேசு' என்று ஒட்டியிருந்தேன். இரண்டாம் நாளே ஒரு புள்ளி போய் 'கேன கனம்' ஆகிவிட்டது. அந்த அண்ணன் ஒரு வாரம் டீக்கடையில் கேலி வாங்கினார். இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

அதனால் ஃபான்ட்டில் வரும் புள்ளியை அப்படியே விடாதீர்கள். மூன்று அங்குல எழுத்துக்குப் பத்து மில்லிமீட்டராவது இருக்கும்படி பெரிதாக்குங்கள். எழுத்தின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களைக் கணினியிலேயே வெல்ட் செய்துவிடுங்கள், அதாவது ஒரே உருவமாக இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெட்டும் மெஷினின் கத்தி எழுத்துக்குள்ளேயே கோடு போட்டுவிடும். வெட்டிய எழுத்தைச் சுற்றியுள்ள தேவையற்ற வினைலை (ஸ்டிக்கர் தாளை) உரிக்கும்போது புள்ளியை விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சமதளத் தகரத்துக்கு விலை குறைந்த காலண்டர்டு வினைல் போதும். பின்கதவில் வரிப்பள்ளம் இருந்தால் காஸ்ட் வினைல் வாங்குங்கள். காலண்டர்டு வினைல் நாளாக ஆகச் சுருங்கி, பள்ளத்தில் தூக்கிக்கொள்ளும்.

தகரத்தை ஷாம்பு போட்டுக் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் பெயிண்டைக் கரைக்கும். டீசல் துணி எண்ணெய்ப் படலம் விடும். புது பெயிண்ட் என்றால் மூன்று வாரமாவது பொறுங்கள். மதிய வெயிலில் ஒட்டவே கூடாது, சூட்டில் பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும், திருத்த முடியாது. காலையில் நிழலில் ஒட்டுங்கள்.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவது பெரிய படங்களுக்குச் சரி. எழுத்துக்கு வேண்டாம், புள்ளி மிதந்து நகர்ந்துவிடும். வெட்டிய எழுத்துகளின் மேல் ஒட்டி மொத்தமாகத் தூக்க உதவும் டிரான்ஸ்பர் டேப்போடு வாசகத்தை வண்டியில் வைத்து, நடுவில் மாஸ்கிங் டேப்பால் கட்டுங்கள். ஒரு பாதியின் பின்தாளை உரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்க்வீஜியால் (தேய்த்து ஒட்டும் தட்டையான பட்டையால்) அழுத்துங்கள். மறுபாதியும் அப்படியே. பிறகு டிரான்ஸ்பர் டேப்பைப் பின்னோக்கி மடித்து, மிக மெதுவாக எடுங்கள். புள்ளி வரும் இடத்தில் நிறுத்துங்கள். டேப்போடு கிளம்பினால் திரும்ப அழுத்தித் தேய்த்துவிட்டு எடுங்கள். கடைசியில் சூடான காற்று வீசும் ஹீட் கன்னை லேசாகக் காட்டி, ஒவ்வொரு புள்ளியையும் கட்டைவிரலால் அழுத்துவேன். நம்பர் பிளேட், விளக்கு, ரிஃப்ளெக்டர் டேப் மேல் எதுவும் ஏறக் கூடாது.

இரண்டு நாள் வாட்டர் சர்வீஸ் வேண்டாம். அதற்குப் பிறகும் பைப்பை ஒரு அடி தள்ளி, நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். சாய்த்து அடித்தால் ஓரத்தில் தண்ணீர் புகும். நான் ஒவ்வொரு வண்டிக்கும் அதே நிறத்தில் நாலு புள்ளி கூடுதலாக வெட்டி, ஆர்.சி. புக் கவருக்குள் போட்டு அனுப்புகிறேன்.