யாழ்ப்பாணத்தில் கழிவுநீர் மாதிரி எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழிவுநீரில் உள்ள கிருமியின் அளவைப் பார்த்து, ஊரில் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறியத்தான் இந்த மாதிரிகள். கையுறை போடுவதும் போத்தலில் திகதி எழுதுவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. பழையவர்கள் ஒரு காலத்தில் செய்து, இன்று புதியவர்கள் திரும்பச் செய்யும் பிழைகளை மட்டும் பார்ப்போம்.

பவுசர் கழிவை வைத்து வாராந்த வரைபு கீறுவது

சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் மாதிரி எடுக்கச் சொல்கின்றன பாடநூல்கள். யாழ் நகரிலோ வீட்டுக்கு வீடு மலக்குழிதான். ஆகவே புதியவர்கள் குழி இறைத்து வரும் தாங்கி வண்டியான பவுசரிடம் போகிறார்கள். பல வீட்டுக் கழிவு ஒரே இடத்தில் கிடைக்கிறதே என்று நினைக்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் குழி கடைசியாக எப்போது இறைக்கப்பட்டது? மூன்று வருடமாகலாம், ஐந்து வருடமாகலாம். அடியில் சேறு, நடுவில் நீர், மேலே மிதக்கும் படலம். குழாய் நுனி அடிவரை இறங்கினால் பழைய சேறு வரும், மேலே நின்றால் அண்மைய நாட்களின் நீர் வரும். வைரசின் மரபணுத் துண்டுகள் சேற்றோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். வந்த எண் எந்த மாதத்துக்குரியது, எத்தனை பேருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. போன கிழமை பவுசர் குருநகரில் இறைத்தது, இந்தக் கிழமை கொக்குவிலில் இறைக்கிறது. கோடு ஏறினால் ஏறியது நோயா, மாறியது ஊரா?

பரிசோதனைச் செலவைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அந்தப் பொய் ஏற்றத்தை நம்பிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஒன்றும் காணாமல் திரும்புவார்கள். அடுத்த முறை உண்மையாகவே ஏறும்போது உங்கள் தாளை யாரும் திறக்கமாட்டார்கள். இதை எத்தனை தரம் சொன்னாலும் இன்னும் நடப்பதுதான் எரிச்சல்.

ஒரு கிருமி இருக்கிறதா என்று தேட மட்டும் பவுசர் மாதிரி உதவும்.

ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டுமானால் ஆட்கணக்குத் தெரிந்த இடம் வேண்டும்: மாணவர் விடுதி, சிறைச்சாலை போன்றவை. குழிக்குள் விழுமுன் உள்ள மூடித்தொட்டியில், புதிதாக ஓடும் நீரில் எடுங்கள். காலை 5.30 முதல் 9.15 வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை 60 மில்லிலீற்றர். 16 முறையில் 960 மில்லிலீற்றர் சேரும். சேரும் போத்தல் ஐஸ் பெட்டிக்குள்ளேயே நிற்கட்டும். ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே தொட்டி. முதல்நாள் இரவு தங்கியோர் தொகையையும் எழுதுங்கள். விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போனால் எண் தானாக விழும்.

வீதியோர வாய்க்கால்

அதில் ஓடுவது பெரும்பாலும் மழைநீரும் குளிப்பு, குசினி நீரும். விடுங்கள்.

மாரியில் எண் விழுந்ததும் நிம்மதி அடைவது

ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணக்கல்லுக்குள் நிலத்தடி நீர் மேலே வரும். தொட்டிக்குள்ளும் நீர் கசிந்து மாதிரியை ஐதாக்கும். மிளகாய்ச் செடியில் தொற்றும் ஒரு வைரசு இதற்குக் கைகொடுக்கும். அது சமைத்த கறியோடு உள்ளே போய் மலத்தோடு வெளியே வரும், எங்கள் சாப்பாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நோய் வைரசின் எண்ணை அதன் எண்ணால் வகுங்கள். இரண்டும் பாதியாகியிருந்தால் விகிதம் மாறாது: கூடியது தண்ணீர், குறைந்தது நோயல்ல.

வைத்தியசாலைத் தொட்டி

குளோரின் இருக்கும், அது மாதிரியிலுள்ள கிருமியைச் சிதைக்கும். அதை முறிக்க, வெறும் போத்தலில் லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் கணக்கில் 10% சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலை முதலே விட்டுவிடுங்கள். போதனா வைத்தியசாலைக்கு வட மாகாணம் முழுவதிலுமிருந்து நோயாளர் வருவதால் அந்தத் தொட்டியை யாழ் நகரின் கணக்காக எழுத வேண்டாம்.

உறைய வைப்பது

வேண்டாம். 4 பாகை செல்சியசில் வைத்து 24 மணிக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள்.

நெருப்புக்காய்ச்சலுக்கு (தைபொயிட்) ஒரு போத்தலோடு போவது

கிருமியைக் காவுபவர் அதை நாள்தோறும் ஒரே அளவில் வெளியேற்றுவதில்லை. ஒரு கணத்தில் அள்ளிய லீற்றரில் அகப்படாமல் போகலாம். 1948இல் இங்கிலாந்தில் மூர் என்பவர் வெளியிட்ட முறை இன்றும் மலிவானது: 120 சென்ரிமீற்றர் நீள, 15 சென்ரிமீற்றர் அகலத் துணிப்பட்டையை மடித்து, நடுவில் நைலோன் கயிற்றால் கட்டி, கிருமி அதில் படியும்படி ஓடும் நீரில் 48 மணி தொங்கவிடுவது. கயிற்றின் நீளத்தைக் காலை நீர்மட்டத்தில் அளக்காதீர்கள். மத்தியானம் நீர் வற்றும், துணி அந்தரத்தில் காயும். பிற்பகல் இரண்டு மணி மட்டத்தில் அளந்து கட்டுங்கள்.