எப்லி சிகிச்சைக்குப் போகும் முன்: தலையணையை எங்கே வைப்பது?

படுக்கையில் புரண்டால் அறை சுற்றும், அரை நிமிடத்தில் நின்றுவிடும். பரணை அண்ணாந்து பார்த்தால் மறுபடி சுற்றும். அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டன என்றார் மருத்துவர். தலையை வரிசையாகத் திருப்பித் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவதுதான் எப்லி முறை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் இதை விரிவாக எழுதினார்.

முதலில், எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மாத்திரை. தலைசுற்றல் மாத்திரைகளில் சில, சுற்றும்போது கண்விழி தானாக அசையும் துடிப்பை அடக்கிவிடும். அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் எந்தக் காதில் பிரச்சினை என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். அம்மா காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போனதால் இன்னொரு நாள் அலைய வேண்டியிருந்தது. எப்போது நிறுத்துவது என்று முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும். கொண்டை, கிளிப் வேண்டாம்.

வீட்டிலும் செய்யச் சொல்லியிருந்தால், தலையணைதான் முக்கியம். நாங்கள் அதைத் தலைக்குக் கீழே வைத்துவிட்டோம், பலனே இல்லை. அது தோளுக்குக் கீழே இருக்க வேண்டும், தலை உடம்பைவிடச் சற்றுத் தாழ்ந்து பின்னால் சாய வேண்டும். அம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, இடுப்பிலிருந்து தோள் வரை ஒரு துண்டால் அளந்தேன். அதே துண்டை இடுப்பிலிருந்து பின்பக்கமாகப் படுக்கையில் விரித்து, அது முடியும் இடத்தில் தலையணையின் மேல் விளிம்பை வைத்தேன். சரியாக உட்கார்ந்தது. பழைய இலவம்பஞ்சுத் தலையணைதான் நல்லது, ஃபோம் அமுங்கிவிடுகிறது.

படுத்ததும் சுற்றத்தான் செய்யும். முன்பே சொல்லிவிடுங்கள். "சுத்தும்மா, கொஞ்ச நேரத்துல நின்னுடும். கண்ணை மூடாதே, என் கையைப் பிடிச்சுக்கோ" என்றேன். பாதியில் எழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிற்சேர்க்கை: கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் செய்யலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அதையும், விழித்திரைப் பிரச்சினை இருந்தால் அதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வேறு முறைகள் இருக்கின்றன. பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை சேர்ந்து வந்தால் இதற்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது நோயாளியை வண்டி ஓட்ட விடாதீர்கள். நாங்கள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆட்டோவில்தான் வந்தோம்.